லேசிக் செய்த கண்ணில் புரை வந்தால்: லென்ஸ் கணக்கு எங்கே தவறுகிறது?

திரையில் வலது கண்ணுக்கு 38.2 என்று வந்தது. இடது கண்ணுக்கு 38.6. தாடையை எடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணை நன்றாகச் சிமிட்டச் சொல்லி, மறுபடியும் எடுத்தேன். அதே எண்தான். கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழியின் வளைவைச் சொல்லும் எண் அது. பெரும்பாலானவர்களுக்கு 43, 44-ஐ ஒட்டி இருக்கும். 40-க்குக் கீழே இறங்கினால் அடுத்த பட்டனை அழுத்தாமல் கை நின்றுவிடும்.

“முன்னாடி கண்ணுல லேசர் எதாவது பண்ணியிருக்கீங்களாக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

பக்கத்து நாற்காலியில் அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மாமியார் கீழே மருந்துக்கடைக்கு இறங்கினார். கதவு மூடியதும் அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், ஒரு நிமிஷம். கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி லேசிக் பண்ணிக்கிட்டேன். மாமியார் வீட்ல யாருக்கும் தெரியாது. இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. அத இப்ப சொல்லணுமா?”

சொல்லித்தான் ஆக வேண்டும். கண் மருத்துவமனையில் அளவெடுக்கும் வேலையில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 2000-ஐ ஒட்டி லேசிக், அதாவது கண்ணாடி தேவைப்படாதபடி கருவிழியை லேசரால் சீவும் ஆபரேஷன், செய்துகொண்ட தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. பெண் பார்க்க வருவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டார் அழைத்து வந்த பெண்கள் அதில் ஏராளம். உத்தியோகத்துக்கான உடற்தகுதிக்காகச் செய்துகொண்ட ஆண்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலானோர் மைனஸ் பவர்க்காரர்கள். அதிக மைனஸ் உள்ள கண்ணில் புரை மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே எட்டிப் பார்க்கும்.

கருவிழியைச் சீவும் அந்த லேசருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் துல்லியமாக வெட்டுப்பட்டது. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் அவரோடு சேர்ந்து அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். பிஆர்கே, லேசிக் என்ற லேசர் ஆபரேஷன்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இனி லென்ஸ் கணக்கு. கண்புரை ஆபரேஷனில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். என்ன பவர் லென்ஸ் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். 1949-இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோது இதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. லென்ஸ் நன்றாகத்தான் உட்கார்ந்தது, ஆனால் அந்த நோயாளிக்கு மிகப் பெரிய மைனஸ் பவர் வந்து நின்றது. பவர் கணக்கு என்ற துறையே அந்தப் பிழையைத் திருத்தத்தான் வளர்ந்தது. 1980 வாக்கில் வந்த எஸ்ஆர்கே சூத்திரத்தை இன்றும் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். லென்ஸுக்குரிய ஒரு மாறிலியிலிருந்து, கண்ணின் நீளத்தை 2.5-ஆல் பெருக்கிக் கழி. கருவிழியின் பவரை 0.9-ஆல் பெருக்கிக் கழி. மிஞ்சுவதுதான் வைக்க வேண்டிய லென்ஸ். பின்னால் வந்த சூத்திரங்கள் இதைவிட நுட்பமானவை என்றாலும், கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும்தான் அவற்றுக்கும் அடித்தளம்.

லேசர் படாத கண்ணில் இது அருமையாக வேலை செய்கிறது. லேசர் பட்ட கண்ணில் எங்கே இடறுகிறது என்று பார்ப்போம்.

கருவிழிக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு பரப்புகள். கருவிழியின் வளைவை அளக்கும் நம் கெரட்டோமீட்டர் கருவி முன்பக்கத்தை மட்டும்தான் அளக்கிறது. பின்பக்கம் முன்பக்கத்தோடு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு, 1.3375 என்ற ஒரு சமரச எண்ணைப் போட்டு மொத்தப் பவரைச் சொல்லிவிடுகிறது. 337.5-ஐ மில்லிமீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் வருவதுதான் திரையில் தெரியும் எண். ஆனால் லேசிக்கில் முன்பக்கத்தை மட்டும்தான் தட்டையாக்குகிறார்கள், பின்பக்கம் அப்படியே இருக்கிறது. விகிதம் போய்விட்டது. கருவிழியின் உண்மையான ஒளிவிலகல் எண் 1.376. ஆக, லேசர் கருவிழியின் பவரில் 6 டயாப்டர் (பவரின் அலகு அது) குறைத்திருந்தால் கருவி சுமார் 5.4 குறைந்ததாகத்தான் காட்டும். மிச்சம் 0.6 டயாப்டர் கருவியின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

அதோடு, கெரட்டோமீட்டர் கருவிழியின் நட்டநடுவை அளப்பதில்லை. நடுவைச் சுற்றி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வட்டத்தில் சில புள்ளிகளைத் தொட்டுக் கணக்கிடுகிறது. லேசர் நன்றாகத் தட்டையாக்கியது நடுப்பகுதியைத்தான். அந்தக் காலத்து லேசரில் சீவிய வட்டமும் சிறியது. நடு தட்டையாக இருக்க, அதைவிட வளைவு கூடிய ஓரத்தை அளந்துவிட்டு வருகிறோம்.

இந்த இரண்டையும்விடப் பெரிய பிழை வேறொன்று. பலருக்கு அது புரிவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். புதிய லென்ஸ் கருவிழியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போய் உட்காரும் என்பதை யாரும் முன்கூட்டி அளக்க முடியாது. சூத்திரம் அதை ஊகிக்கிறது. எதை வைத்து? பல சூத்திரங்கள் கருவிழியின் வளைவை வைத்துத்தான். கருவிழி தட்டையாக இருந்தால் கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையின் ஆழம் குறைவு, லென்ஸ் முன்னால் உட்காரும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. இயற்கையாகவே தட்டையான கண்ணுக்கு அந்த ஊகம் பொருந்தும். லேசிக் செய்த கண்ணிலோ தட்டையானது மேல்பரப்பு மட்டும்தான். கண்ணின் உள்கட்டமைப்பு பழையபடியே இருக்கிறது, லென்ஸ் உட்காரும் இடமும் மாறவில்லை. முன்னால் உட்காரும் என்று நம்பி சூத்திரம் பவர் குறைந்த லென்ஸைச் சொல்லும். அது உள்ளே, ஆழத்தில் போய் உட்காரும். இதைச் சரிசெய்ய 2003-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ஆரம்பேர்ரி ஒரு வழி சொன்னார். லென்ஸின் இடத்தை ஊகிக்க லேசிக்குக்கு முந்தைய வளைவு, பவரைக் கணக்கிட இப்போதைய வளைவு என்று ஒரே கண்ணுக்கு இரண்டு எண்களைப் போடுவது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நேரான தீர்வு!

மூன்று பிழைகளும் ஒரே திசையில், பவர் குறைந்த லென்ஸை நோக்கி இழுக்கின்றன என்பதுதான் வேதனை. அந்த அக்காவின் வலது கண் நீளம் 26.4 மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணாக நினைத்து, எஸ்ஆர்கேவுக்குப் பின்னால் வந்த எஸ்ஆர்கே/டி சூத்திரத்தில் போட்டால் 18.5 லென்ஸ் வருகிறது. லேசிக்கைக் கணக்கில் சேர்த்து, இரண்டு வளைவுகளையும் கொடுத்துப் போட்டால் 21-ஐத் தொடுகிறது. இரண்டரை டயாப்டர் வித்தியாசம். கண்ணாடிப் பவராகச் சொன்னால் ஏறக்குறைய பிளஸ் 1.75-இலிருந்து 2. இந்த இரண்டரையில் பெரும்பகுதி, நான் மூன்றாவதாகச் சொன்ன இடப்பிழையிலிருந்து வருகிறது.

பிளஸ் 2 வந்தால் என்ன என்று கேட்கலாம். வாழ்நாள் முழுக்க மைனஸாக இருந்த ஒருவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் இருப்பதாவது தெளிவாகத் தெரியும். பிளஸ் வந்துவிட்டால் தூரமும் தெளிவில்லை, கிட்டத்தில் இன்னும் மோசம். செயற்கை லென்ஸ் இயற்கை லென்ஸ்போல் குவியம் மாற்றிக் கொடுக்காது. கண்ணாடி வேண்டாம் என்று இருபது வயதில் கருவிழியைச் சீவிக்கொண்டவர் ஐம்பது வயதில் எதற்கும் கண்ணாடி தேடுவார். அதனால்தான் இந்தக் கண்களில் மருத்துவர்கள் பூஜ்ஜியத்தைக் குறிவைக்காமல் மைனஸ் அரையை ஒட்டிக் குறிவைக்கிறார்கள். கொஞ்சம் தவறினாலும் மைனஸ் பக்கமே நிற்கட்டும் என்ற முன்யோசனை.

பிளஸ் பவருக்காக லேசிக் செய்துகொண்டவர்களுக்கு எல்லாம் தலைகீழ். அவர்களுக்குக் கருவிழி நடுவின் வளைவைக் கூட்டியிருப்பார்கள், பழைய சூத்திரம் போட்டால் மைனஸ் பக்கம் போய் நிற்கும். இப்போது ஸ்மைல் என்ற லேசர் முறையில் மைனஸுக்காகச் செய்துகொள்பவர்களுக்கோ, கணக்கின் சிக்கல் மைனஸ் லேசிக்குக்குச் சொன்னதேதான்.

இன்றைக்குக் கைவசம் நல்ல கருவிகள் இருக்கின்றன. பேரட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல், ஷம்மாஸ் எனப் பல சூத்திரங்கள் லேசர் பட்ட கண்ணுக்கென்றே எழுதப்பட்டவை. அமெரிக்கக் கண்புரை மற்றும் ஒளிவிலகல் அறுவை மருத்துவச் சங்கம் இணையத்தில் வைத்திருக்கும் கணிப்பானில் அளவுகளை ஒருமுறை கொடுத்தால் பல சூத்திரங்களின் விடைகளை வரிசையாகக் காட்டும். கருவிழியின் பின்பக்கத்தையும் நேரடியாக அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எங்கள் வழக்கம் ஒரே விடையை நம்புவதில்லை. நான்கு விடைகள் அருகருகே வந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் விலகி நின்றால் அளவை மறுபடி எடுக்க வேண்டும்.

மறுபடி எடுப்பதில் ஒரு விஷயம். லேசிக் செய்த கண்கள் பல உலர்ந்து கிடக்கும். கண்ணீர்ப் படலம் சீராக இல்லாவிட்டால் கருவிழியின் அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனக் காட்டும். இரண்டு மூன்று வாரம் சொட்டு மருந்து போட்டுக் கண்ணை ஈரமாக்கிவிட்டு அளப்பதுதான் முறை. “இன்னைக்கே அளவு எடுத்து நாளைக்கே ஆபரேஷன் முடிச்சிடலாமே” என்று கேட்கும் குடும்பத்தாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பழைய சீட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேசிக்குக்கு முந்தைய கருவிழி அளவு, முந்தைய பவர், லேசிக் முடிந்து கண் நிலைபெற்ற பின் எடுத்த பவர் ஆகியவை இருந்தால் கணக்குக்கு உதவி. ஒரு காலத்தில் அந்தப் பழைய எண்களை மட்டும் நம்பியே கணக்குப் போட்டார்கள். அதிலும் பிழை வந்ததால் இப்போது அவற்றைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். சீட்டு இல்லை என்பதற்காக ஆபரேஷன் நின்றுவிடாது. அந்த அக்காவிடம் சீட்டு எதுவும் இல்லை. “உங்க அம்மா வீட்ல அந்தக் காலத்துக் கண்ணாடி இருக்குமா?” என்று கேட்டேன். அடுத்த வாரம் ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பழுப்பு நிற பிளாஸ்டிக் ஃபிரேம், ஒரு காது உடைந்து செலோடேப் ஒட்டியிருந்தது. கண்ணாடியின் பவரை அளக்கும் கருவியில் வைத்தேன். வலது மைனஸ் 6.5, இடது மைனஸ் 6. கல்லூரிக்குப் போட்டுப்போன அந்தக் கண்ணாடிதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பழைய ஆவணம். லேசிக்குக்கு முந்தைய வளைவை அதை வைத்துத்தான் மதிப்பிட்டோம்.

பவர் முடிவானால் பாதி வேலை முடிந்தது. எந்த வகை லென்ஸ்?

பலர் வரும்போதே ‘மல்ட்டிஃபோக்கல்’ என்ற பெயரோடு வருகிறார்கள். தூரம், கிட்டம் இரண்டும் தெரியும், கண்ணாடியே வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். விலையும் அதிகம், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இந்த லென்ஸ் வரும் ஒளியைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பங்குபோடுகிறது. ஒவ்வொரு குவியத்துக்கும் முழு ஒளி கிடைக்காது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு கொஞ்சம் மங்கும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சுத்தமான கருவிழி உள்ளவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். லேசர் பட்ட கருவிழி ஏற்கெனவே ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும் கருவிழி. அதன் பின்னால் ஒளியைப் பங்குபோடும் லென்ஸையும் வைத்தால் இரண்டு குறைகளும் கூடிக்கொள்ளும். போதாக்குறைக்குப் பவர் கணக்கிலும் உறுதி குறைவு. மல்ட்டிஃபோக்கல் அரை டயாப்டர் பிசகைக்கூடப் பொறுக்காத லென்ஸ். கண்ணாடி வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டவர்களுக்கே இந்த லென்ஸ் அதிகம் பொருந்தாமல் போகிறது. இதை ஆபரேஷனுக்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லேசர் சீராக, நடுவில் விழுந்து, கருவிழி வரைபடம் ஒழுங்காக இருந்தால் சில மருத்துவர்கள் வைக்கிறார்கள், திருப்தியாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் வரைபடத்தைப் பார்க்காமல் விலைப்பட்டியலைக் காட்டும் இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒற்றைக் குவிய லென்ஸ்தான் பெரும்பாலானவர்களுக்குப் பத்திரமானது. அதற்குள்ளும் தேர்வு உண்டு. சாதாரணக் கருவிழியின் ஓரத்தில் வரும் ஒளி நடுவில் வரும் ஒளியைவிடச் சற்று முன்னாலேயே குவியும், இதைக் கோளப்பிறழ்ச்சி என்கிறார்கள். மைனஸ் லேசிக் இந்தப் பிறழ்ச்சியைக் கூட்டிவிடும். அதைக் கழித்துச் சமன்செய்யும்படி எதிர்ப் பிறழ்ச்சியோடு செய்யப்பட்ட லென்ஸ்கள் கிடைக்கின்றன, அவை இந்தக் கண்ணுக்குப் பொருந்தும். பிளஸ் லேசிக் செய்த கண்ணில் பிறழ்ச்சி ஏற்கெனவே எதிர்த்திசைக்குப் போயிருக்கும். அங்கே அதே லென்ஸை வைத்தால் கெடுதல்தான். பிறழ்ச்சி சேர்க்காத லென்ஸோ, பழைய பாணிக் கோள லென்ஸோ போதும். விலை குறைந்த லென்ஸ் அதிகம் பொருந்தும் அபூர்வமான இடம் இது. சிலிண்டர் பவர் இருந்தால் டோரிக் லென்ஸ் வைக்கலாம், அந்தச் சிலிண்டர் வரைபடத்தில் ஒழுங்கான, சமச்சீரான வடிவமாகத் தெரிந்தால் மட்டும். கோணல்மாணலாக இருந்தால் வேண்டாம்.

கண்ணாடியைக் குறைக்க விரும்புபவர்களுக்கு இன்னொரு வழி, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் மைனஸாகக் கிட்டத்துக்கும் வைப்பது. பிடிக்குமா என்பதை முன்பே கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகிப் பார்க்கலாம், புரை ரொம்ப முற்றாமல் இருந்தால். கண்ணுக்குள் வைத்த பிறகு பவரை மாற்றக்கூடிய லென்ஸும் வந்திருக்கிறது. வேதியியல் நோபல் பெற்ற ராபர்ட் கிரப்ஸின் ஆய்வில் பிறந்த சிலிக்கோன் லென்ஸ் அது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காயம் ஆறிய பின் புற ஊதா ஒளி பாய்ச்சி அதன் பவரைத் திருத்துகிறார்கள். கணக்கு தவறக்கூடிய இந்தக் கண்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறில்லை என்று தோன்றுகிறது. திருத்தம் முடியும்வரை புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியை விடாமல் போட வேண்டும்.

லேசருக்கு முந்தைய தலைமுறை ஒன்றும் இருக்கிறது. மாஸ்கோவில் ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரவ் 1970-களில் பரப்பிய ஆர்கே முறையில், வைரக் கத்தியால் கருவிழியில் சக்கர ஆரங்கள்போல் கீறுவார்கள். அந்தக் கீறல்கள் முழுமையாக ஆறுவதே இல்லை. அமெரிக்காவில் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த பெர்க் ஆய்வில் 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தன. காலையில் பார்வை ஒன்று, சாயங்காலம் வேறு. புரை ஆபரேஷன் முடிந்ததும் கீறல்கள் வீங்கிக் கருவிழி இன்னும் தட்டையாகி, பிளஸ் பவர் வந்துவிட்டதுபோல் காட்டும். பயந்துபோய் உடனே லென்ஸை மாற்றிவிடக் கூடாது. வாரக் கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூடக் காத்திருந்தால் வீக்கம் வடிந்து பவர் இறங்கும். நடுவில் சிறு துளை மட்டும் விட்டு மற்ற இடத்தை மறைத்த லென்ஸ் ஒன்றை இப்படிப்பட்ட கருவிழிகளில் சில மருத்துவர்கள் வைக்கிறார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியுமே, அதே தத்துவம்தான்.

எல்லாம் செய்தும் தவறலாம். அப்போது கண்ணாடி போடலாம், கருவிழியில் தாங்கும் தடிமன் மிச்சமிருந்தால் மீண்டும் லேசர் செய்யலாம், லென்ஸை மாற்றலாம், அல்லது உள்ளே இருக்கும் லென்ஸுக்கு முன்னால் இன்னொரு மெல்லிய லென்ஸை வைக்கலாம். மாற்றுவதாக இருந்தால் தள்ளிப்போடாமல் செய்வது எளிது, நாளானால் லென்ஸ் அதைத் தாங்கும் உறையோடு ஒட்டிக்கொள்ளும். லேசிக் கண்ணின் நீளத்தைக் குறைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வெளியே பவர் பூஜ்ஜியமானாலும் உள்ளே அது நீளமான மைனஸ் கண்தான், விழித்திரை மெலிந்த கண். ஆபரேஷனுக்கு முன் கண்பாவையை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்த்துவிட வேண்டும்.

அந்த அக்காவுக்கு வலது கண்ணில் எதிர்ப் பிறழ்ச்சி கொண்ட ஒற்றைக் குவிய லென்ஸ், 21.5 வைத்தார் மருத்துவர். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது பவர் மைனஸ் 0.75. குறிவைத்தது மைனஸ் அரை. எந்தச் சூத்திரம் இந்தக் கண்ணுக்குக் கிட்டே வந்தது என்பது தெரிந்துவிட்டதால், அதைப் பார்த்து இடது கண்ணுக்கான லென்ஸை அரை டயாப்டர் குறைத்தோம். முதல் கண் சொல்லும் விடைக்காக இடைவெளி விட்டுச் செய்வது இதனால்தான்.

இரண்டாவது கண்ணுக்கு அளவெடுக்க வந்த அன்று பழைய கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “என் பொண்ணுக்கும் மைனஸ் அஞ்சு சிஸ்டர். இப்பவே லேசர் பண்ணணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பண்ணினா என்னென்ன எடுத்து வைக்கணும்?”

லேசருக்கு முன்னால் எடுத்த பவர், இரண்டு கண்ணின் கருவிழி அளவு, கருவிழி வரைபடம், கண்ணின் நீளம், எந்த முறையில் எவ்வளவு சீவினார்கள் என்ற தாள், ஆறு மாதம் கழித்து எடுத்த பவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார், இப்போது தெளிவாகிவிட்ட வலது கண்ணால் பார்த்து.